முளையில் தெரிந்த பயிருக்குத் தண்ணீர் விடுவது யார்?



"விளையும் பயிர் முளையிலேயே தெரியும்" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். சரிதான். ஆனால் தெரிந்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்று அந்தப் பழமொழி சொல்லவில்லை. முளையில் தெரிந்துவிட்டது என்பதற்காக எந்தப் பயிரும் தானாக வீடு வந்து சேர்ந்துவிடாது. யாராவது ஒருவர் விடாமல் தண்ணீர் கட்ட வேண்டும். வானம் பார்த்த பூமியில் பிறந்த புதுக்கோட்டைக்காரனுக்கு இதை யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

விளையாட்டும் அப்படித்தான். கபடியை வைத்தே இதைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். நம் கல்லூரியில் கபடி ஆடாத கிராமத்துப் பையன் எத்தனை பேர்?

நம் மாவட்டத்தில் ஆலங்குடி, அறந்தாங்கி, கறம்பக்குடி, கந்தர்வகோட்டை என்று எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் திருவிழாக் காலத்தில் டீக்கடைச் சுவரில் கபடி நோட்டீஸ் ஒட்டியிருக்கும். 'மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி' என்று கொட்டை எழுத்து. கீழே எடைப் பிரிவு 55 கிலோ, 60 கிலோ என்று இருக்கும். அப்புறம் நுழைவுக் கட்டணம், முதல் பரிசு, சுழற்கோப்பை, அன்பளிப்புத் தந்தவர்களின் பெயர்கள். கடைசி வரி மட்டும் எல்லா நோட்டீசிலும் ஒன்றுதான்: 'நடுவரின் தீர்ப்பே இறுதியானது.' ராத்திரி முழுக்க ஆட்டம். விடியற்காலை நாலு மணிக்கு செமி பைனல். அந்த மண்ணில் 15 வயசுப் பையன் ஒருத்தன் காலைப் பிடிக்கிற பிடியைப் பார்த்தால், டிவியில் பார்க்கிற பிடிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கத் தோன்றும்.

அப்படியானால் அந்தப் பையன் ஏன் டிவியில் வரவில்லை?

இதற்குப் பதில் தேடினால் முதலில் ஒரு தொழில்முறை அணி எப்படி ஆள் எடுக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். புரோ கபடி லீக் 2014ல் எட்டு அணிகளோடு தொடங்கியது. 2017ல் பன்னிரண்டு அணிகள் ஆனபோது நம் தமிழ் தலைவாஸ் உள்ளே வந்தது. ஏலம் என்றாலே நமக்குக் கோடிகள்தான் ஞாபகம் வரும். 2022 ஆகஸ்டில் நடந்த ஏலத்தில் பவன் செராவத்தை 2 கோடியே 26 லட்சம் ரூபாய்க்கு தமிழ் தலைவாஸ் எடுத்தது. அக்டோபரில் முதல் ஆட்டத்திலேயே அவருக்கு முழங்காலில் அடி. சீசன் முழுக்க ஆட முடியவில்லை. அவ்வளவுதான், கதை முடிந்தது என்று எல்லோரும் நினைத்தோம். ஆனால் என்ன நடந்தது? பெயரே கேள்விப்படாத நரேந்தர் என்ற இளைஞர் பாடிப் போக ஆரம்பித்தார். தன் முதல் சீசனிலேயே 200க்கு மேல் ரெய்டு பாயிண்ட் எடுத்தார். அதுவரை பட்டியலின் அடியிலேயே கிடந்து பழகிய அணி, முதல் முறையாக அரை இறுதிக்குப் போனது.

கோடி கொடுத்து வாங்கிய நட்சத்திரம் இல்லாத நேரத்தில் அணியைக் காப்பாற்றியது, முன்கூட்டியே கண்டுபிடித்துப் பக்கத்தில் வைத்திருந்த ஒரு பையன். நண்பர்களே, இளம் வீரர்களை வளர்ப்பது என்பது தரும காரியம் அல்ல. அணிக்கே அதுதான் ஆயுள் காப்பீடு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

லீக்கில் இதற்கென்றே வழி வைத்திருக்கிறார்கள். 2017ல் 'பியூச்சர் கபடி ஹீரோஸ்' என்ற பெயரில் நாடு முழுக்கத் தேர்வு நடத்தி, தேறிய இளைஞர்களைப் பயிற்சி முகாமுக்கு அழைத்தார்கள். 'புதிய இளம் வீரர்' என்ற பிரிவில் ஏலத்துக்கு வெளியிலேயே அணிகள் பையன்களை ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். அந்த வழியாக 2018ல் தபாங் டெல்லி அணிக்கு வந்தவர்தான் நவீன் குமார். அப்போது அவருக்கு வயது 18. அதாவது இன்றைக்கு என் வயது! அடுத்த இரண்டு சீசன்களிலும் லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருது அவருக்குத்தான். 2022 பிப்ரவரியில் அவர் அணி கோப்பையை வென்றது. 2022ல் 23 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு யுவா கபடி சீரிஸ் என்ற தனித் தொடரும் ஆரம்பமானது.

தேர்வுக்கு வருகிறவர் எதைப் பார்ப்பார்? நம்மில் பலர் பாயிண்டைத்தான் பார்ப்பார் என்று நினைக்கிறோம். 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம் உள்ள மைதானத்தில் 30 வினாடிதான் ஒரு ரெய்டு. அதில் எடுத்த பாயிண்ட் எல்லோருக்கும் தெரியும். தெரியாததைப் பார்க்கிறவர்தான் நல்ல தேர்வாளர். கார்னரில் நிற்கிறவன் ரைடரின் கண்ணைப் பார்க்கிறானா, காலைப் பார்க்கிறானா? பக்கத்தில் கை கோத்து நிற்கிற கவர் வீரன் நகர்ந்தால் இவனும் கூடவே நகர்கிறானா? ஒரு பிடி தவறியதும் தலையில் கை வைத்துக்கொள்கிறானா, எழுந்து அடுத்த பிடிக்குப் போகிறானா? தன்னால் பாயிண்ட் போன பிறகு அவன் அடுத்த இரண்டு நிமிஷம் எப்படி ஆடுகிறான் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இன்னொன்று உடம்பு. 14 வயதில் மீசை முளைத்து வளர்ந்துவிட்டவன் கூட ஆடுகிறவர்களை எல்லாம் தூக்கி எறிவான். பார்க்கிறவர்கள் "இவன்தான்டா பிளேயர்" என்பார்கள். நான்கு வருஷம் கழித்து மற்றவர்களும் வளர்ந்து சமமாகிவிடுவார்கள். அப்போது இவனிடம் பலம் தவிர வேறு வித்தை இருக்காது. அன்று சோளத்தட்டை மாதிரி இருந்து, பலம் போதாமல் புத்தியால் பிடிக்கக் கற்றுக்கொண்டவன்தான் மேலே போவான். ஆனால் அவனை 14 வயதிலேயே "நீ தேற மாட்ட" என்று அனுப்பியிருப்போம்! வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்களும் இதையே சொல்கிறார்கள். வயதுப் பிரிவின் கடைசித் தேதிக்கு முன்னால் ஒட்டிப் பிறந்த பையன், அதே பிரிவில் பத்து மாதம் மூத்தவனோடு மோதித் தோற்று, திறமை இருந்தும் விலக்கப்படுகிறானாம்.

இத்தனையும் கண்டுபிடிக்கிற வேலை. இது ஒரு நாள், இரண்டு நாள் சமாச்சாரம். நம் பக்கம் உண்மையில் பிரச்சினை அங்கே இல்லை என்பது என் கருத்து.

எங்கள் ஊர் அணியில் வலது கார்னரில் ஒரு அண்ணன் நின்றார். நான் அப்போது தண்ணீர் கேனும் பனியன் மூட்டையும் தூக்கிக்கொண்டு கூடப் போகிற சின்னப் பையன். அவர் பிடி விழுந்தால் ரைடர் கோட்டைத் தொட்டதாகச் சரித்திரம் இல்லை. ஒருமுறை தேர்வுக்கு எடை குறைக்க வேண்டும் என்று மூன்று நாள் ராத்திரிச் சோறு இல்லாமல், வெயிலில் இரண்டு சட்டை போட்டுக்கொண்டு ஓடினார். தேர்வும் ஆனார். இருபது நாள் முகாமுக்கு வரச் சொன்னார்கள்.

முகாமில் சாப்பாடு உண்டு, தங்க இடம் உண்டு. எல்லாம் உண்டு. ஆனால் அவர் கம்பி கட்டுகிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். நாளுக்கு 600 ரூபாய். இருபது நாளுக்கு 12,000 ரூபாய். அவர் அப்பாவுக்குக் கால் சரியில்லை. தங்கச்சிக்குச் சீர் வைத்த கடன் இருந்தது. "அடுத்த வருசம் பாத்துக்கலாம்டா தம்பி" என்று என்னிடம் சொன்னார். அடுத்த வருசம் திருப்பூருக்குப் போய்விட்டார். இப்போதும் எங்கள் ஊர்ப் போட்டிக்குப் பணம் அனுப்புகிறார். நோட்டீசில் அன்பளிப்பாளர் வரிசையில் அவர் பெயர் வருகிறது. வீரர்கள் வரிசையில் வர வேண்டிய பெயர் அது.

அவரை யாரும் ஒதுக்கவில்லை. யாரும் ஏமாற்றவில்லை. கண்டுபிடித்தார்கள், கூப்பிட்டார்கள். ஆனால் அந்தப் பன்னிரண்டாயிரத்தை யார் தருவது என்று யாரும் யோசிக்கவில்லை. அவ்வளவுதான்.

நான் டிப்ளமோவில் சேர்ந்தபோது எங்கள் வீட்டிலும் இதே கணக்குதான் போட்டார்கள். எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். "மூணு வருசம் வேலைக்குப் போனா எம்புட்டு வரும் தெரியுமா?" என்று சித்தப்பா விரல் விட்டு எண்ணினார். அம்மாதான் சொன்னது: "வாங்காத சம்பளத்தக் கணக்குப் பாத்தா எவன் வீட்டுப் புள்ளையும் படிக்காது." அந்த ஒரு வார்த்தையில்தான் நான் இன்று இந்த மலரில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆனால் எல்லா வீட்டிலும் அப்படிச் சொல்லிவிட முடியுமா? முடியாது. அரசாங்கத்துக்கும் இது புரிந்ததால்தான் அரசுப் பள்ளியில் படித்து மேலே படிக்க வருகிற பையன்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது. பெண்களுக்கு அதற்கு முன்பே, 2022ல், புதுமைப் பெண் திட்டம் வந்துவிட்டது. படிப்புக்குப் புரிந்துகொண்ட இந்தக் கணக்கு விளையாட்டுக்கும் புரிய வேண்டும்.

இந்தக் கணக்கு நமக்கு மட்டும் வந்ததல்ல. 130 வருஷத்துக்கு முன் இங்கிலாந்தின் வடக்கே ஒரு விளையாட்டே இந்தக் கேள்வியால் இரண்டாக உடைந்தது. அதுதான் ரக்பி. அங்கே நிலக்கரிச் சுரங்கத்திலும் கம்பளி ஆலையிலும் வேலை பார்த்தவர்கள் சனிக்கிழமை ரக்பி ஆடினார்கள். ஆட வந்தால் அன்றைய கூலி போச்சு. "இழந்த கூலியை மட்டுமாவது கொடுங்கள்" என்று வடக்குச் சங்கங்கள் கேட்டன. 1893ல் ரக்பி யூனியன் அதை மறுத்துவிட்டது. காசுக்கு ஆடுவது கௌரவம் அல்லவாம்! கூலியை நம்பி வாழாதவர்களுக்கு அப்படிச் சொல்வது எளிது. கடைசியில் 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்பீல்டு நகரில் ஜார்ஜ் ஹோட்டலில் வடக்குச் சங்கங்கள் கூடித் தனியாகப் பிரிந்தன. வேலை இழந்த நாளுக்கு ஆறு ஷில்லிங் வரை தரலாம் என்று வைத்தார்கள். அந்தப் பிரிவுதான் பின்னாளில் ரக்பி லீக் என்று பெயர் பெற்றது. பதின்மூன்று பேர் ஆடுகிற ஆட்டம். பந்தைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் ஓடி வருகிறவனைக் கட்டிப் பிடித்து நிறுத்துவதில் நம் கபடிக்கு ஒன்றுவிட்ட பங்காளி எனலாம்.

அந்த வழக்கம் இன்றும் அவர்கள் இளைஞர்களை வளர்க்கிற முறையில் தெரிகிறது. விகன், செயின்ட் ஹெலன்ஸ், லீட்ஸ் போன்ற பெரிய அணிகள் 16 வயதுக்கு உட்பட்ட பையன்களை 'ஸ்காலர்ஷிப்' என்ற பெயரில் சேர்க்கின்றன. அவன் தன் ஊர்ச் சங்கத்தை விட்டு வர வேண்டாம். அங்கேயும் ஆடிக்கொண்டு, பள்ளிக்கும் போய்க்கொண்டு, பெரிய அணியின் பயிற்சிக்கும் வருவான். தேறினால் அடுத்த படி அகாடமி. அந்த வயதில் பையன்கள் கல்லூரியோ தொழிற்பயிற்சியோ கூடவே படிக்கிறார்கள். ஏனென்றால் அகாடமியில் சேர்ந்த எல்லோரும் முதல் அணிக்குப் போகப் போவதில்லை. போகாதவன் கையில் ஒரு தொழில் இருக்க வேண்டும். ஊர்ச் சங்கம் கண்டுபிடிக்கிறது, பெரிய அணி வளர்க்கிறது, படிப்பு தாங்கிப் பிடிக்கிறது. ஒரு முக்காலிக்கு மூன்று கால்!

நம் இயந்திரவியல் வகுப்பில் ஹீட் ட்ரீட்மெண்ட் படித்தவர்களுக்கு இதை ஒரே வரியில் சொல்லிவிடலாம். உலையில் வைத்த இரும்பு சிவந்ததும் எடுத்துவிடக் கூடாது. அந்தச் சூட்டிலேயே கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்க வேண்டும். சோக்கிங் டைம் என்போமே, அதுதான். இல்லாவிட்டால் மேலே மட்டும் மாறும், உள்ளே பழைய இரும்பாகவே இருக்கும். 15 வயதிலிருந்து 20 வயது வரை ஒரு விளையாட்டு வீரனின் சோக்கிங் டைம். நம் பிள்ளைகள் சிவந்த உடனே உலையை விட்டு வெளியே வந்துவிடுகிறார்கள். குறை இரும்பில் இல்லை.

குறை இரும்பில் இல்லை என்பதற்குச் சாட்சி வேண்டுமா? தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கணேசன் 1994ல் ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற அணியில் ஆடி அர்ஜுனா விருது பெற்றார். 2025ல் வந்த 'பைசன்' படத்துக்கு அவர் வாழ்க்கைதான் தூண்டுகோல். தஞ்சாவூர் மாவட்டம் திருச்சணம்பூண்டியின் தர்மராஜ் சேரலாதன், 40 வயதைத் தாண்டியும் 2016ல் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியில் ஆடினார். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியா கபடியில் இரண்டு தங்கமும் எடுத்தது. பெண்கள் அணியில் சென்னை கண்ணகி நகரின் கார்த்திகா, ஆண்கள் அணியில் திருவாரூர் மாவட்டம் வடுவூரின் அபினேஷ். தமிழக அரசு தலா 25 லட்சம் ரூபாய் கொடுத்தது. வடுவூர் எங்கே இருக்கிறது? நமக்கு அடுத்த மாவட்டத்துக்கு அடுத்த மாவட்டம்தானே!

ஆனாலும் தமிழ் தலைவாஸ் அரை இறுதிக்குப் போன அந்த 2022 சீசனில் முக்கிய வீரர்கள் பலர் ஹரியானாக்காரர்கள். அதைக் குறையாகச் சொல்லவில்லை. அவர்கள் நமக்காகத்தான் வேர்வை சிந்தினார்கள். அந்த ஊர்ப் பிள்ளை 18 வயதில் தயாராக நிற்கும்போது நம் ஊர்ப் பிள்ளை எங்கே நிற்கிறான் என்பதுதான் கேள்வி.

பெண்களுக்கு நிலைமை இன்னும் கடினம். 2016ல் மூன்று அணிகளோடு பெண்கள் கபடித் தொடர் ஒன்றை லீக் நடத்திப் பார்த்தது. அது தொடரவில்லை. கார்த்திகா மாதிரி ஒரு பெண்ணுக்கு விளையாட்டு விடுதியும் வேலைவாய்ப்பு ஒதுக்கீடும்தான் துணை.

இந்த இடத்தில் நம் மண்ணின் மகளை மறக்க முடியாது. கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளர் வீட்டில் பிறந்த சாந்தி, 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனை என்று சொல்லி அந்தப் பதக்கத்தைப் பறித்துவிட்டார்கள். வேறு யாராக இருந்தாலும் விளையாட்டு என்ற வார்த்தையையே வெறுத்திருப்பார்கள். அவரோ அரசு கொடுத்த பரிசுத் தொகையைக் கொண்டு புதுக்கோட்டையிலேயே பயிற்சி மையம் வைத்து ஏழைப் பிள்ளைகளுக்கு ஓடக் கற்றுக்கொடுத்தார். 2016ல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளர் ஆனார். தண்ணீர் விடுவது என்றால் இதுதான். தனக்குக் கிடைக்காததை அடுத்தவர் பிள்ளைக்குக் கொடுப்பது.

சரி, நாம் என்ன செய்யலாம்? "கட்டுரை எழுதுறவனுக்கு ஈஸிடா" என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. மூன்று காரியம் சொல்கிறேன், மூன்றும் நம்மால் முடிந்தவை.

முதலாவது, ஊர்ப் போட்டி நடத்தும் கமிட்டியில் நம்மில் பலர் இருக்கிறோம். மைக் செட்டுக்கும் வெடிக்கும் ஆகும் செலவில் கொஞ்சம் குறைத்து, வருஷத்துக்கு ஒரே ஒரு பையனுக்கு, அவன் முகாமுக்குப் போகிற நாட்களின் கூலியை வீட்டில் கொண்டு போய்க் கொடுப்போம். உதவி என்று சொல்ல வேண்டாம். அவனுடைய கூலி என்றே சொல்வோம். வாங்குகிற அப்பாவுக்கும் தலை குனிவு இருக்காது.

இரண்டாவது, பள்ளியில் பிள்ளைகளுக்கு நடத்தும் உடற்திறன் தேர்வு, விளையாட்டு விடுதிச் சேர்க்கை, முதலமைச்சர் கோப்பை பற்றியெல்லாம் நம் வீடுகளில் யாருக்கும் தெரியாது. விண்ணப்பம் வரும் தேதி தெரியாமல் போன வாய்ப்புகள்தான் அதிகம். நமக்குப் படிக்கத் தெரியும், போனில் விண்ணப்பிக்கத் தெரியும். ஊருக்கு ஒரு டிப்ளமோ மாணவன் இந்தப் பொறுப்பை எடுத்தால் போதும்.

மூன்றாவது, ஆடுகிற தம்பிகளிடம் "படிப்பை விட்டுட்டு ஆடு" என்றும் சொல்ல வேண்டாம், "ஆட்டத்தை விட்டுட்டுப் படி" என்றும் சொல்ல வேண்டாம். முழங்கால் ஒரு நாளில் போகும். பவன் செராவத்துக்கே போனது. அவருக்குத் திரும்பி வர வழி இருந்தது. நம் தம்பிக்கு ஒரு சான்றிதழ் இருந்தால்தான் வழி. விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை என்றாலும் அதற்கும் படிப்புத் தகுதி கேட்பார்கள்.

நண்பர்களே! நம்மில் எல்லோரும் மைதானத்தில் ஜெயிக்க மாட்டோம். ஆனால் ஆடுகிற ஒருவனை ஐந்து வருஷம் விழாமல் தாங்கிப் பிடிக்க எல்லோராலும் முடியும். கபடியில் ஏழு பேரும் கை கோத்து நிற்பது எதற்கு? ஒருவன் இழுத்துக்கொண்டு போகப்படும்போது மற்ற ஆறு பேரும் விடாமல் பிடித்துக்கொள்ளத்தானே!

கை கோப்போம். பிடித்த கையை விடாதிருப்போம்!

— இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை